எட்டின் பக்கம், பதினொன்றின் பக்கம்

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கிற சாலைக்குப் பின்னால், லாரி திரும்ப முடியாத ஒரு தெருவில், ஒரே தொட்டித் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து நின்ற கதை இது. நம்பாதவர்கள் நேரில் போய் விசாரிக்கலாம். ஆனால் அந்தத் தெருவில் முதலில் உங்களை, நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்பார்கள், அதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போவது உடம்புக்கு நல்லது.

வேதாசலமும் கன்னியப்பனும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. மற்றவர்கள் தங்கமீனும் கப்பியும் பாலித்தீன் பையில் கட்டி விற்றுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் இருவரும் கடல்மீன் கடை போட்டார்கள், வெளிநாட்டுப் பண்ணைகளில் வெட்டி வளர்த்த பவளத்துண்டுகளை வரவழைத்தார்கள், பெரிய வீட்டுக்காரர்கள் காரை நிறுத்த இடமில்லாமல் தவித்து இவர்கள் கடைக்கு வந்தார்கள். பவளம் பார்க்கக் கல்லைப்போல இருந்தாலும் உயிருள்ள ஜீவன், தண்ணீரில் கரைந்திருக்கிற காரத்தை உறிஞ்சித்தான் தன் எலும்பைக் கட்டிக்கொள்ளும். அது எடுக்க எடுக்கத் தண்ணீரில் காரம் இறங்கும், வளர்க்கிறவன் தினமும் அதைத் திரும்பப் போட்டு நிரவ வேண்டும். எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பதற்குக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நீலமாக நிற்கிற தண்ணீர் எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறதோ அதுதான் காரத்தின் எண்.

அண்ணனுக்கு எண் எட்டு. கடலில் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கிறது, கடலுக்கு மேல் உனக்கென்ன தெரியும் என்பது அவர் கட்சி. தம்பிக்குப் பதினொன்று. பதினொன்றில் வைத்தால் பவளம் மளமளவென்று வளரும், சீக்கிரம் வெட்டி விற்கலாம், கடலா வந்து நமக்குச் சோறு போடுகிறது என்பது அவன் கட்சி. எட்டானாலும் பதினொன்றானாலும், வைத்த எண்ணை ஆட்டாமல் வைத்தால் பவளம் பிழைத்துக்கொள்ளும், ஏற்றி இறக்கினால்தான் செத்துப்போகும். இது இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

ஒரு முறை புதிதாக வந்திறங்கிய பவளத்துக்கு, தம்பி எப்படியும் மறந்திருப்பான் என்று அண்ணன் காலையில் காரத்தைக் கரைத்து ஊற்றினார். அண்ணன் எப்படியும் குறைவாகத்தான் ஊற்றுவார் என்று தம்பியும் அதே காலையில் ஊற்றினான். ஒருவரையொருவர் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். சாயங்காலத்துக்குள் வந்த சரக்கு மொத்தமும் தோல் உரிந்து, வெள்ளை எலும்பாகத் தண்ணீரில் நின்றது.

"நைனா செத்தன்னிக்கே ஒன்ன வெளிய துரத்திருக்கணும்டா" என்றார் வேதாசலம்.

"கடலு கடலுன்னு சொல்லிக்கினே கீறியே, போய் அந்தக் கடல்லயே வுழு" என்றான் கன்னியப்பன்.

இதற்கு மேல் பேச வேறென்ன இருக்கிறது. சொத்தைப் பிரித்தார்கள். கடைச் சரக்கைப் பிரித்தார்கள், அண்டா குண்டானைப் பிரித்தார்கள், கொல்லையிலிருந்த முருங்கை யாருக்கு என்று முடிவாகாததால் அதை வெட்டிப் போட்டார்கள், அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார்கள். பிரிக்க முடியாமல் நின்றது கூடத்திலிருந்த பெரிய தொட்டி ஒன்றுதான். சிமெண்டு மேடையில் இறுக்கி ஒட்டியது, நகர்த்தினால் கண்ணாடி வாய் பிளக்கும், நடுவே இருவரும் சேர்ந்து கைவிரல் அளவில் வைத்து வளர்த்த மான்கொம்புப் பவளம் இப்போது ஆளைக் கட்டிப்பிடிக்கிற அகலத்தில் நின்றது. கொத்தனார் தொட்டிக்குக் கீழேயும் மேலேயும் சுவரை எழுப்பி, தொட்டியைச் சுவரின் வயிற்றில் வைத்து, மேலே கைவிட இடம்விட்டு, நடுவில் தண்ணீரைத் தொடுகிற மாதிரி ஒரு பலகையை இறக்கிவிட்டுப் போனார். ஒரு கண்ணாடி அண்ணன் வீட்டில், எதிர்க்கண்ணாடி தம்பி வீட்டில்.

தொட்டி யாருக்கு என்று பஞ்சாயத்துக்கு வந்த தாய்மாமன் முனிரத்தினம் இருவர் கத்தியதையும் கேட்டுக் காது அடைத்துப்போய், "யாரு நம்பருக்குத் தண்ணி மொத்தமும் வருதோ, தொட்டி அவனுது. இனிமே என்னக் கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டு, போட்ட இலையில் கை நனைக்காமல் எழுந்து போனார்.

அந்த வாரத்திலேயே தண்ணீர் பிரிந்தது. தொட்டிக்குள் தடுப்பு எதுவும் இல்லை, இரண்டு பக்கத்திலிருந்தும் மோட்டார் அலையை அடித்துத் தள்ளுகிறது, ஆனாலும் வேதாசலம் தன் பக்கத்தில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டால் எட்டு, கன்னியப்பன் தன் பக்கத்தில் எடுத்து விட்டால் பதினொன்று. இரண்டுக்கும் நடுவே, தொட்டியின் நீளத்துக்கும், வெயில் நேரத்துத் தார்ரோட்டின்மேல் தெரிகிற கானலைப்போல ஒரு கோடு மேலிருந்து கீழ்வரை நெளிந்துகொண்டு நின்றது. அதற்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும், உருவம் எதுவும் தெரியாது. மீன்கள் அதைக் கடக்கும்போது, பையிலிருந்து புதுத் தொட்டிக்கு விட்ட மீனைப்போலக் கொஞ்ச நேரம் கோட்டருகே நின்று, உடம்பைப் பழக்கிக்கொண்டு பிறகுதான் அப்பால் போயின. மாடியில் துணி காயப்போடும்போது இரண்டு வீட்டுப் பெண்களும், அண்ணன் மனைவி மரகதமும் தம்பி மனைவி இந்திராணியும், இரண்டு எண்களையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். விஷயம் இரண்டு புருஷன்மார் காதுக்கும் போயிற்று. இருவரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. இருவருக்கும் கோபம்தான் வந்தது.

அன்றைக்குத்தான் வேதாசலம் தன் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார். தம்பி பெயரை இனி யாரும் தன் காதில் விழச் சொல்லக் கூடாது. வேண்டுமானால் 'அந்தப் பக்கம்' என்று சொல்லலாம், அதையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். முடிதிருத்துகிறவர் ஒரு நாள் வாய் தவறி "நம்ம கன்னி..." என்று ஆரம்பிக்க, பாதி முகம் நுரையும் பாதி முகம் மழிப்புமாக வேதாசலம் எழுந்து தெருவில் நடந்து வீடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு தெருவில் எவனுக்கும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

தெரு இந்த அதிசயத்தை வாரி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டது. ஏற்கெனவே ஒருவர்மேல் ஒருவருக்கு வயிற்றெரிச்சல் ஏராளமாக இருந்தது, அதற்கு இதுவரை நல்லதாக ஒரு பெயர்தான் கிடைக்காமல் இருந்தது. இப்போது கிடைத்துவிட்டது. சாக்கடை அடைப்புக்குச் சண்டை போட்டவர்களும், வண்டி நிறுத்தச் சண்டை போட்டவர்களும், எப்போதோ கல்யாணப் பந்தியில் பாயசம் வராமல் போனதற்காக இன்னும் முகம் திருப்பிக்கொண்டு திரிந்தவர்களும் எட்டு என்றும் பதினொன்று என்றும் பிரிந்தார்கள். தண்ணீர் லாரி வந்தால் இரண்டு வரிசை நின்றது. டீக்கடைக்காரர் இரண்டு பாய்லர் வைத்தார். ஒரே பால், ஒரே தூள், ஆனாலும் எட்டுக்காரர்கள் பதினொன்றின் டீ சோப்புத்தண்ணீர் மாதிரி வழவழக்கிறது என்றார்கள், பதினொன்றுக்காரர்கள் எட்டின் டீயில் உப்புக் கரிக்கிறது என்று துப்பினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை அப்புறம் பார்த்தார்கள், எந்தப் பக்கம் என்பதை முதலில் கேட்டார்கள். மீன்வளம் படித்த பேராசிரியர் ஒருவர் தன் சொந்த மருந்தோடு வந்து இரண்டு வீட்டிலும் சோதித்து, எட்டும் பதினொன்றும் வரக் கண்டு, இரண்டு வீட்டிலும் காப்பி குடித்துவிட்டு, தெருமுனையில் செருப்புப் பிய்ந்துபோக அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

பிறகு வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பாகம் பிரிக்க நினைத்துப் பிரிக்க முடியாதவர்கள், பொதுக் கிணற்றில் மாட்டிக்கொண்டவர்கள், கூட்டாகக் கடை வைத்துக் கழுத்தறுபட்டவர்கள், விவாகரத்துக்கு வாய்தா வாங்கி அலுத்தவர்கள், எல்லோரும் தொட்டியின் முன் நின்று கும்பிட்டு, எங்களுக்கும் இப்படி ஒரு கோடு போட்டுக் கொடு என்று வேண்டிக்கொண்டார்கள். அண்ணன் பக்கம் வந்தவர்கள் காசிமேட்டிலிருந்து கேனில் கடல்தண்ணீர் கொண்டுவந்தார்கள். தம்பி பக்கம் போனவர்கள் ஆப்பசோடா பொட்டலம் வைத்தார்கள், அதுதானே தண்ணீரில் காரத்தை ஏற்றுவது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவர்கள் இரண்டையும் இரண்டு இடத்திலும் வைத்தார்கள். வேதாசலம் கடல்தண்ணீரை வீணாக்கவில்லை. தன் பக்கத்தில் பழைய தண்ணீரை முகந்து கொட்டி, எட்டில் நிற்கிற கடல்தண்ணீரை வார்த்து, கோட்டை அந்தப் பக்கம் தள்ளப் பார்த்தார். சோடா பொட்டலங்களைச் சமையலறை மூலையில் வீசினார். அந்தக் குவியல் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஆப்பம் சுட்டு மாளவில்லை.

கோடு ஒரு விரற்கடை போகும், ஒரு விரற்கடை திரும்பி வரும். அது ஒன்றுதான் வேதாசலத்தின் பிழைப்பு. கடையை மரகதத்திடம் விட்டார், கண்ணாடிமுன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், கோடு நகர்ந்தால் சாப்பிட்டார், பின்வாங்கினால் தட்டைத் தள்ளினார். இப்படியே போனால் ஆகாதென்று, தொட்டி முழுதும் எட்டாக வந்தால் தலைமுடியைத் தருவதாக முருகனிடம் சொல்லி, பிறகு வேலை நடக்கிற வரைக்கும் காத்திருக்கப் பொறுமையில்லாமல் முன்கூட்டியே கொடுத்துவிடுவோம் என்று திருத்தணிக்குக் கிளம்பினார். மரகதம் முழங்கால் வலி என்று வீட்டில் தங்கிவிட்டாள்.

மொட்டைத்தலையில் சந்தனத்தோடு அவர் திரும்பி வந்தபோது தெரு அவரைப் பார்த்த விதம் சரியில்லை. எட்டுக்காரர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள், பதினொன்றுக்காரர்கள் எதற்கோ தொண்டையைக் கனைத்தார்கள். மொட்டையைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார். மரகதம் தண்ணீர் கொடுத்துவிட்டு, "என்னங்க, அந்தப் பக்கம்..." என்று இழுத்தாள்.

"இன்னா அந்தப் பக்கம்? இப்பதான் சாமி பாத்துட்டு வரேன். வாயில நல்லதா எதுவும் வராதா ஒனக்கு?"

அவள் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றுமுதல் அந்தப் பக்கத்தில் சத்தம் அடங்கிவிட்டதை அவர் கவனிக்காமல் இல்லை. குக்கர் விசில் இல்லை, இந்திராணி பார்க்கிற சீரியலின் ஒப்பாரி இல்லை, தம்பியின் காலைநேரத்துத் தும்மல் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துத் தொட்டிவிளக்கு வேளைக்கு எரிந்தது, வேளைக்கு அணைந்தது, கோடு நகராததைப் பார்த்தால் காரம் சொல்லிவைத்த மாதிரி பதினொன்றில் நிற்பது தெரிந்தது. 'சத்தம் போடாமல் வேலை செய்யக் கற்றுக்கொண்டுவிட்டான், என்னைத் தூங்கவைத்துக் கவிழ்க்கப் பார்க்கிறான்' என்று வேதாசலம் பல்லைக் கடித்தார். முன்பெல்லாம் தம்பி சோம்பேறி, ஒரு நாள் ஊற்றுவான், ஒரு நாள் மறப்பான், கோடு ஆடும். இப்போது துளி ஆட்டமில்லை. எட்டுக்காரர்களிடம், "எவ்ளோ திமிரு பாத்தீங்களா? ஒரு வேளை தப்பல. ரோஷம் வந்துட்ச்சி அவனுக்கு" என்று சொல்லும்போது அவர் குரலில் பெருமை மாதிரி ஏதோ ஒன்று ஏறி உட்கார்ந்தது. கேட்டவர்கள் காதைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

எதிரி தப்பாதபோது தான் தப்பினால் கேவலம் என்று அவரும் நேரம் தப்பாமல் ஊற்றினார். ஏட்டிக்குப் போட்டியாக இரண்டு பக்கமும் இப்படி அசையாமல் நிற்கவே, ஆட்டம் நின்றுபோன மான்கொம்புப் பவளம் பிறந்ததிலிருந்து வளராத வளர்த்தியில் வளர்ந்தது. அவர் பக்கக் கிளைகள் தடித்து ஊதா ஏறின, அந்தப் பக்கம் நீண்ட கிளைகள் கோட்டைத் தாண்டி வெளிர்நீல நுனிகளை அவர் பக்கம் நீட்டின. முன்பு கருகிக்கிடந்த நுனிகள் அவை. வேதாசலம் அவற்றை உடைத்துவிடலாமா என்று ஒருமுறை கையை விட்டார், விட்ட கையை வெறுமனே எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் காலையில் கோடு பின்வாங்கியது. அந்தப் பக்கம், அதாவது அவருக்குச் சாதகமாக. மறுநாள் இன்னும் போயிற்று. அவர் கை ஓங்கிவிட்டது என்ற சேதி தெருவில் பரவி, எட்டுக்காரர்கள் கேன் கேனாகக் கடல்தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வர, முகந்து ஊற்றி, முகந்து ஊற்றி, இடுப்பு ஒடிந்து, சோறு தண்ணி மறந்து, கடைசியில் ஒரு மத்தியானத்தில் பலகையைத் தூக்கி அந்தப் பக்கத்து மூலையிலேயே தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டார். ஏழு சொட்டுக்கும் நீலம். எட்டாவது சொட்டில் மஞ்சள். வாசலில் சரவெடி வெடித்தார்கள், யாரோ அவர் முடி முளைத்த தலைவழியே மாலை ஒன்றைப் போட்டார்கள், பதினொன்றின் பாய்லரை டீக்கடைக்காரர் தானாகவே அணைத்தார்.

கோடு எதிர்க்கண்ணாடியைத் தொட்டுக் கரைந்தது. கானல் போன தண்ணீர் குடிக்கிற தண்ணீரைப்போலத் தெளிந்தது. தோற்றவன் முகத்தைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று வேதாசலம் கண்ணாடியில் மூக்கு அழுந்தக் குனிந்தார்.

சுவரில் ஒரு ஆணி இருந்தது. ஆணியில் காலண்டர். அவர் மொட்டை போட்டுக்கொண்டு வந்த மாதத்தில் அது நின்றிருந்தது. கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஒரு பல்லி காலண்டருக்குப் பின்னாலிருந்து வந்து, அவரைப் பார்த்துவிட்டு, திரும்பப் போயிற்று.

வெடிச்சத்தம் நின்றதும் அவர் கேட்டார், "மரகதம், எங்க அந்தப் பக்கம்?"

மரகதம் முந்தானையிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்தாள். "நீங்க திருத்தணி போன அன்னிக்கே லாரி வந்து சாமான ஏத்திட்டாங்க. ஓசூர்ல கட்டிக்குடுத்த பொண்ணு வீட்டுக்குப் போய்ட்டாங்க. யாவாரமே வாணான்னுட்டாரு."

"யாருமே சொல்லல."

"சொல்ல வுட்டீங்களா? தெருவே நின்னு பாத்துச்சு. பேரச் சொல்லாம எப்டிங்க சொல்றது?"

வாசலில் நின்ற எட்டுக்காரர்கள் மீதிச் சரவெடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

"பதினொண்ணு இத்தினி நாளா எப்டி நின்னுச்சு?"

"பெரிய நீல டிரம்மு நெறைய சோடா கலக்கி வெச்சிட்டு, சொட்டுச் சொட்டா வுடற மிசின மாட்டி, வெளக்குக்கு டைமரும் வெச்சிட்டுப் போனாரு. 'அண்ணி, இது தீர்ற வரைக்கும் அண்ணன் என்கூட சண்ட போட்டுக்கினு இருப்பாரு. தீர்ந்தப்புறம் சாவியக் குடுங்க'ன்னாரு." மரகதம் சாவியை அவர் முன்னால் நீட்டினாள். "போன் போட்டுத் தரட்டுமா?"

"அவங்கிட்ட எனக்கு இன்னாடி பேச்சு?" என்று வேதாசலம் கத்தினார். அந்தக் கத்தலில் மாலையிலிருந்து பூ உதிர்ந்தது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். தெரு மொத்தமும் இரண்டாக விலகி வழிவிட, சுவர் எழுந்தபிறகு முதல்முறையாக அந்தக் கதவைத் திறந்தார். அடைத்த காற்றில் தம்பி போட்டுக்கொள்ளும் தைலத்தின் வாசம் இன்னும் கொஞ்சம் இருந்தது. மூலையில் நீல டிரம் வாய் திறந்து கிடந்தது. அதன் அடியில் சோடா பொருக்குத் தட்டியிருக்க, பக்கத்தில் உள்ளங்கை அளவு மெஷின் விடாமல் சுற்றிச் சுற்றிக் காற்றை உறிஞ்சி, தொட்டிக்குள் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. இத்தனை மாதம் அவர் நேரம் தப்பாமல் மோதியது இதனோடுதான். கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். காரம் சரசரவென்று இறங்கியதில் இந்தப் பக்கத்துக் கிளைகள் அடியிலிருந்து வெளுக்க ஆரம்பித்திருந்தன. இன்னும் இரண்டு நாள் எட்டில் நின்றால் எலும்புதான் மிஞ்சும். அவர் வென்ற தொட்டி, அவர் வென்ற தண்ணீர். ஓசூருக்குப் போனவன் சண்டையையும் மூட்டை கட்டிக் கொண்டுபோயிருக்கலாம், பாவி.

"மரகதம்!" என்று அங்கிருந்தே கத்தினார். "அந்த சோடாவ எல்லாம் எத்தினு வா!"

வெளியூர்க்காரர்கள் வைத்துவிட்டுப் போன பொட்டலங்கள் கைமாறிக் கைமாறி வந்தன. எட்டுக்காரர்களும் தூக்கினார்கள், பதினொன்றுக்காரர்களும் தூக்கினார்கள், பழக்கம் விடாமல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டும் முறைத்துக்கொண்டும் தூக்கினார்கள். வேதாசலம் டிரம்மைக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, சோடாவைக் கொட்டி, கை வலிக்கக் கலக்கினார். மெஷினின் குழாயை உள்ளே இறக்கினார். எட்டிலிருந்து பதினொன்றுக்கு ஒரேயடியாக ஏற்றினால் இருக்கிற உயிரும் போய்விடும் என்பதால் மெதுவாக ஏறும்படி மெஷினைத் திருப்பி வைத்தார். டிரம்மை மூடினார். காலண்டரில் பழைய மாதத் தாள்களைக் கிழித்துவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை மரகதத்திடம் திருப்பிக் கொடுத்தார்.

"டிரம்மு கொறைஞ்சா நீயே ரொப்பிடு. எங்கிட்ட சொல்லாத."

டீக்கடைக்காரர் இரண்டாவது பாய்லரைப் பற்றவைத்தார். தெருவுக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வேதாசலம் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, எதிர்க்கண்ணாடி ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கானல் எழுந்தது. மெல்ல மெல்ல அது நடுவுக்கு வந்து, ஆணியையும், காலண்டரையும், கட்டில் இல்லாத தரையையும் மறைத்துக்கொண்டு நின்றது. மீன்கள் வந்து கோட்டருகே நின்று உடம்பைப் பழக்கிக்கொண்டன. அவர் ஒரு கேன் கடல்தண்ணீரை எடுத்துத் தன் பக்கம் ஊற்றினார். பிறகு கண்ணாடிமேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

"பதினொண்ணு வெச்சா நுனி கருவும்னு எத்தினி வாட்டிடா சொல்றது ஒனக்கு? காது கேக்குதா? டேய், கன்னியப்பா!"

அடுப்பங்கரையில் மரகதம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கன்னியப்பா!" என்றார் அவர் மறுபடியும்.